நகத்தளவு களி

பூஜாவின் கையில் களித் துண்டு இருந்தது. அன்று எங்கள் வீட்டில் களி கிண்டவில்லை.

காலை பத்து மணி இருக்கும். நான் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஆறேழு துணிகள்தான். அதற்குள் முன்னறைப் பாயில் உட்கார வைத்திருந்த என் மகள் பூஜா தவழ்ந்து அடுப்படிக்குப் போயிருந்தாள். அவளுக்குப் பத்து மாதம். கீழ்வரிசையில் இரண்டு பற்கள் முளைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எது கிடைத்தாலும் வாயில் வைத்துப் பார்ப்பாள். நான் உள்ளே வந்தபோது சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. கூப்பிட்டேன். திரும்பிச் சிரித்தாள். மூடிய வலது கையின் விரலிடுக்கில் கரும்பழுப்பாக ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது. மோவாயிலும் அதே நிறத்தில் ஒரு தீற்றல்.

எனக்கு முதலில் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. காலையில் ஊட்டிய கேழ்வரகுக் கூழ் எங்கோ சிந்திக் காய்ந்திருக்கிறது, அதைப் பொறுக்கி எடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். விரல்களைப் பிரித்தேன். அது கூழ் இல்லை, உருட்டிப் பிடித்த களி. மூக்கருகே கொண்டுபோனபோது பூண்டு வாசம் அடித்தது.

களியில் யாரும் பூண்டு போடுவதில்லை.

நாங்கள் மலைக்கு வந்து ஒன்றரை வருடம். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் கலசப்பாக்கத்துக்குப் பக்கம். என் கணவர் அருள்மணி மலையில் சாமை, கொள்ளு, புளி வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்கிறார். ஜமுனாமரத்தூரிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் ஊரில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். முன்னறை, அடுப்படி, மூட்டை அடுக்க ஒரு அறை, மேலே பரண். அந்த வருடச் சாமை அறுப்பு முடிந்து கார்த்திகை பிறந்ததும் மூட்டைகள் வந்து இறங்கின. மூட்டைகளுக்குப் பின்னாலேயே அவையும் வந்தன.

முதலில் மாவு டப்பாவின் மூடிமேல் புழுக்கைகளைப் பார்த்தேன். சாமை அரிசியைவிடச் சற்றே நீளம், இரண்டு முனையும் கூர். பிறகு பூஜாவின் பழைய பருத்தித் துணி ஒன்று நாராக நாராகக் கிழிந்து மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. சுண்ணாம்பு அடித்த சுவரில் தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் எண்ணெய்க் கையால் இழுத்தது போலக் கறுப்பாக ஒரு கோடு உருவாயிற்று. எலிகள் தினமும் ஒரே தடத்தில் உடம்பை உரசிக்கொண்டு ஓடிய கோடு அது என்று அடுத்த வீட்டுப் பெரியம்மாள்தான் சொன்னாள்.

பெரியம்மாள் இந்த மலையிலேயே பிறந்தவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவளுடைய பூனை அடித்துப் போட்ட ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"இது வூட்டெலி இல்ல தங்கச்சி, காட்டெலி. வயித்த பாரு, சுண்ணாம்பு அடிச்சா மாதிரி வெள்ளையா கீது. கண்ணு பாரு எம்மாம் பெருசு."

"அக்கா, அந்தாண்ட எடுத்துட்டுப் போங்க."

"செத்துப் போனதுக்கே இப்பிடின்னா! மலைக்கு வந்துட்டு எலிக்கு அயுவுறியே, கரடி வந்தா இன்னா பண்ணுவ? மாமியா வூட்டுக்கு ஓடிடுவியா?"

"கடிக்குமாக்கா? பாப்பா கீழ படுக்குது."

"அது ஏன் உன்ன கடிக்குது? அதோட சாமைய அறுத்து மூட்டை கட்டி உன் வூட்டுல வெச்சிருக்கீங்க. தேடிக்கினு வந்துடுச்சி." எலியை வேலிக்கு அப்பால் வீசிவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள். "மூட்டைய சொவுத்துல ஒட்டி வெக்காத. அடில நாலு கல்லு வெச்சுப் பலகை போட்டுத் தூக்கு. வளை இருக்கற எடத்துல கண்ணாடிச் சில்லு சொருவி மண்ணப் பூசு. மாவு, அரிசி எல்லாம் தகர டப்பால போட்டு மூடு. பத்து நாள் துன்றதுக்கு ஒண்ணும் கெடைக்கலன்னா அதுவே வேற எடம் பாக்கும்."

அன்று மாலை இதை அருள்மணியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "இன்னும் ரெண்டு லோடுல மூட்டையே கீழ போயிடும். அதுக்குப் போயி யாராவது கல்லு அடுக்குவாங்களா?"

என் பயத்தை நான் மறைக்கவில்லை. பாத்திரத்துக்குப் பின்னால் ஏதாவது சரசரத்தால் கத்துவேன். படுக்கும்போது பூஜாவை மார்மேல் போட்டுக்கொள்வேன். "ஏதாவது பண்ணுங்க, ஏதாவது பண்ணுங்க" என்று அவர் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அதையே சொன்னேன். இப்போது யோசித்தால், அந்தப் பயத்தில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது. அந்த ஊரில் எனக்குப் பேச வேறு விஷயம் இல்லை. பயந்தால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அவர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எலிக்கு மருந்து வைப்பதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் அவை கேட்டுவிடும், அப்புறம் ஒன்றுகூடத் தொடாது. வைத்தவர் சொல்ல மாட்டார், பார்த்தவர் கேட்க மாட்டார். கல்யாணமான புதிதில், மாமியார் பூண்டு வாசம் அடிக்க, பொரியில் எதையோ பிசைந்துகொண்டிருந்தபோது, "இன்னாத்த பண்றீங்க?" என்று கேட்டுவிட்டேன். முழங்கையால் என் விலாவில் ஓர் இடி இடித்தார். மாமனார் துண்டை உதறிக்கொண்டு வெளியே எழுந்துபோய்விட்டார். மறுநாள் காலை முறத்தில் மூன்று எலிகள். அப்போதும் யாரும் எதுவும் பேசவில்லை. ஏதோ கொலைக்குத் திட்டம் போட்ட வீடு போல இருக்கிறதே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். நாலு வருடத்தில் நானும் அப்படியே ஆகிவிட்டேன்.

முந்தின நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அருள்மணி சட்டியில் மிச்சமிருந்த களியைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். மூட்டை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் சத்தம் கேட்டது. எனக்குத் தெரியும். கேட்டால் கெட்டுவிடும் என்பதால் கேட்கவில்லை என்று பிறகு பெரியம்மாளிடமும் டாக்டரிடமும் சொன்னேன். அது பாதிதான் உண்மை. கேட்காமல் இருப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. அவை சாக வேண்டும். எங்கே, எப்படி என்பது எனக்குத் தெரிய வேண்டாம். சுவர்ப்பக்கம் திரும்பிக் குழந்தையை அணைத்துப் படுத்தேன். அவர் மூட்டை அறையில்தான் வைத்திருப்பார், அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். காலை ஐந்தரைக்கு லோடு வண்டியில் கலசப்பாக்கம் போய்விட்டார்.

பூண்டு வாசம் அடித்ததும் இதெல்லாம் ஒரே நொடியில் எனக்குள் விழுந்தது.

குழந்தையின் வாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டு நாலா பக்கமும் துழாவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. அவள் கோபத்தில் விரலைக் கடித்தாள். முந்தானையை நனைத்து நாக்கையும் ஈறையும் துடைத்தேன். துணியில் லேசாகப் பழுப்பு. அது காலைக் கூழா? காலையில் கூழ் ஊட்டாமல் இருந்திருந்தால் அந்தப் பழுப்பு எனக்குப் பதில் சொல்லியிருக்கும். மோவாயை முகர்ந்தேன். பூண்டு இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. என் கையிலேயே அந்த வாசம் ஏறியிருந்தது.

துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதன் ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னப் பள்ளங்கள். இரண்டு பல் பதிந்த தடம். எலிக்கும் முன்னால் இரண்டு பல். என் மகளுக்கும் இரண்டு பல். என் விரலில் அவள் கடித்த இடத்தில் இரண்டு சிவந்த குழிகள் இருந்தன. விரலையும் களியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று போலத்தான் இருந்தன. இல்லை, களியில் இருப்பது சிறியது. இல்லை, களி உதிர்ந்திருக்கிறது, அதனால் தெரியவில்லை. 

உடனே ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. இந்தத் துண்டு எந்த உருண்டையிலிருந்து உடைந்தது என்று தெரிந்தால் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும் என்று தோன்றியது. குழந்தையை இடது கையில் இடுக்கிக்கொண்டு முழங்காலில் தவழ்ந்தேன். அந்த நாலைந்து நிமிடங்களுக்காக நான் என்னை மன்னிப்பதே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் என்னுடைய மூளை அப்படித்தான் வேலை செய்தது. சுவரின் கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். எலி எங்கே நிற்கும், எங்கே திரும்பும், எங்கே ஒளியும் என்று எலியைப் போலவே யோசித்தேன். அம்மிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் உருண்டை உடைந்து கிடந்தது. விறகுக்குப் பின்னால் ஒன்று முழுதாக. பீரோவின் அடியில் ஒன்று. தாழ்ப்பாளைத் தள்ளி மூட்டை அறைக்குள் போனேன். மூட்டைகளின் காலடியில் மூன்று. எல்லாம் நெல்லிக்காய் அளவு. கேழ்வரகின் நிறத்தில் மருந்தின் கறுப்பு தெரியவே இல்லை. அவளுக்கு நான் உருட்டித் தருகிற அதே களி, அதே அளவு.

உடைந்த உருண்டையோடு அவள் கையிலிருந்த துண்டைப் பொருத்தினேன். பொருந்தியது. ஆனால் நடுவில் ஒரு நகத்தளவு இடைவெளி. சுண்டுவிரல் நகம். அவ்வளவு களி அங்கே இல்லை.

எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

பெரியம்மாள் ஆட்டுப் பட்டியில் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கூடையைக் கீழே போட்டாள்.

"இன்னாமே? பாம்பா?"

"எலி மருந்துக்கா. பாப்பா கையில இருந்துச்சி. துன்னுச்சா இல்லியான்னு தெரியல."

"எவ்ளோ?"

"தெரியலக்கா. நகத்தளவு காணோம்."

குழந்தையைப் பிடுங்கி வாயைத் திறந்து பார்த்தாள். வயிற்றை அமுக்கினாள். பூஜா அவளுடைய மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். பெரியம்மாள் வீட்டுக்குள் ஓடிப் புளியைக் கரைத்துக்கொண்டு வந்தாள். "ஊத்து. வாந்தி எடுத்துச்சின்னா எல்லாம் வந்துடும். புடி வாய."

டம்ளரை வாங்கினேன். வாயருகே கொண்டுபோனேன். பூஜா உதட்டை இறுக்கி மூடித் தலையைத் திருப்பிக்கொண்டாள். பாதி அவள் கழுத்தில் வழிந்தது. இன்னும் ஒரு முறை முயன்றிருந்தால் ஊற்றியிருப்பேன். அதற்குள் பெரியம்மாளின் கணவர் வேடியப்பன் வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டார்.

"வைத்தியம் பண்ற நேரமா இது? டம்ளர கீழ போடு. ஏறும்மா மொதல்ல!"

எங்கள் ஊரில் போன் எடுக்காது. ஒரு கிலோமீட்டர் தள்ளித் தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில்தான் எடுக்கும். அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லி நூற்றியெட்டுக்கு அடித்தேன். எடுத்த பெண் நிதானமாகப் பேசினாள். வாயில் எதையும் ஊற்றக்கூடாது, தண்ணீர், பால் எதுவும் கூடாது, வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, மருந்துப் பாக்கெட் இருந்தால் கொண்டுபோங்கள், வண்டியிலேயே போவது சீக்கிரம் என்றால் அப்படியே போய்விடுங்கள் என்றாள். புளித்தண்ணீர் வழிந்த பூஜாவின் கழுத்தை நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்து அவருக்கு அடித்தேன். நாலாவது முறை எடுத்தார். பின்னால் சந்தை இரைச்சல்.

"எத்தினி வெச்சீங்க?"

"இன்னாத்த?"

"உருண்டை."

 குரலைத் தாழ்த்தி, யாரோ பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்பது போல, "ஏமே, அத ஏன் போன்ல..." என்று இழுத்தார். அறுபது கிலோமீட்டருக்கு அப்பால், சந்தைக்கு நடுவில் நின்றுகொண்டு, எங்கள் வீட்டு எலிகளுக்குக் கேட்காமல் பேசினார்.

"எத்தினி வெச்சே? வாயத் தொறந்து சொல்லு! பாப்பா கையில எடுத்துட்டா!"

அவரை நான் அதுவரை நீ என்று சொன்னதில்லை.

"ஏழு," என்றார். அந்தக் குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை. "மூட்டை ரூம்ல மூணு. வெறகாண்ட ஒண்ணு. பீரோ அடில ஒண்ணு. அம்மி மேல ஒண்ணு, கைக்கு எட்டக்கூடாதுன்னு மேலதான் வெச்சேன். பரண்மேல ஒண்ணு. பாப்பா... ஜெயா, பாப்பா எப்பிடி கீது?"

"பாக்கெட் எங்க?"

"பாக்கெட் இல்ல. சந்தைல காயிதத்துல மடிச்சுக் குடுத்தான். கறுப்புத் தூளு. காயிதத்த அப்பவே அடுப்புல போட்டுட்டேன்."

நான் எடுத்தது ஆறு. ஏழாவது பரணில். பரணுக்கு ஏணி இல்லாமல் ஏற முடியாது, அது அங்கேதான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். உடனே வேறொரு எண்ணம் வந்தது. அம்மிமேல் வைத்ததை எலி கீழே தள்ளவில்லையா? பரணிலிருந்தும் தள்ளியிருந்தால்? அது முழுதாகக் கீழே விழுந்து, என் மகள் பக்கத்தில் உருண்டிருந்தால்? நான் துணியைப் பிழிந்து உதறிக் கொடியில் போட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்?

வண்டி வளைவுகளில் இறங்கியது. பூஜா காற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்தாள். தூங்கப்போகிறாள். தினமும் இந்த நேரத்தில் தூங்குவாள். அவள் கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறந்து மறுபடி மூடினாள். கிள்ளினேன். வீறிட்டு அழுதாள். வேடியப்பன் திரும்பிப் பார்க்காமலே, "அயுவட்டும், அயுவட்டும். நல்லதுதான்," என்றார்.

ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில் இளம் வயது டாக்டரம்மா. கேள்விகளை அடுக்கினார். எத்தனை மணிக்கு? எவ்வளவு? வாந்தி எடுத்தாளா? வீட்டில் ஏதாவது கொடுத்தீர்களா? கவரைப் பிரித்து முகர்ந்தார். "பூண்டு வாசனை. கறுப்புத் தூள்னு வேற சொல்றீங்க. இதுக்குன்னு தனியா முறிவு மருந்து கிடையாதும்மா. கவனிச்சுக்கிட்டே இருக்கணும். உள்ள போயிருந்தா சில மணி நேரத்துல தெரிய ஆரம்பிக்கும். வாந்தி, மூச்சு வாங்கறது, சோர்வு. ஏதாவது மாறினா உடனே கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். ஆம்புலன்ஸ நிறுத்தி வெக்கச் சொல்லிட்டேன்."

பூஜாவின் கையில் ஊசி ஏற்ற மூன்று இடத்தில் குத்த வேண்டியிருந்தது. நர்ஸ் பூங்கோதை அவள் கையைப் பிடித்துக்கொள்ள, நான் காலைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சு அவருக்கு.

டாக்டர் டார்ச்சை அடித்துக் களித் துண்டின் பல் தடத்தைப் பார்த்தார். பூஜாவின் வாயைப் பார்த்தார். என் விரலையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"இந்தத் தடம் ரொம்ப ஒல்லியா இருக்கு. பாப்பா பல்லு அகலம். எலி கடிச்சதுன்னுதான் தோணுது."

 கட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆனா," என்றார், "எலி கடிச்ச பக்கத்த பாப்பா சப்பியிருந்தா அதுக்குத் தடம் இருக்காது. அதனால சாயங்காலம் வரைக்கும் எதையும் சொல்ல முடியாது."

அந்த நகத்தளவை யார் தின்றது? சாயங்காலம்வரை இந்தக் கேள்வியோடு நான் அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நேரம் போகப்போக எனக்குள் அசிங்கமான வேண்டுதல் ஒன்று வளர்ந்தது. அந்த எலி தின்றிருக்க வேண்டும். அது நிறையத் தின்றிருக்க வேண்டும். அதனுடைய வயிறு நிறைந்திருக்க வேண்டும். ஒரு மாதமாக எதை வீட்டை விட்டு ஒழிக்க வேண்டும் என்று அழுதேனோ, அதன் பசியை நம்பிக் கடவுளிடம் கெஞ்சினேன்.

பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் இருமினால் அதுவா? விக்கினால் அதுவா? உதடு கறுக்கிறதா, ஜன்னல் நிழலா? பத்து மாதமாக நான் அவளைப் பார்த்த பார்வையெல்லாம் பார்வையே இல்லை என்று தோன்றியது. மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய் வருவது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "இது எப்பவும் இப்பிடியா?" என்று பூங்கோதையைக் கேட்டேன். "எல்லாக் கொழந்தைக்கும் கொஞ்சம் போகும்மா," என்றார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார்.

எங்களை இறக்கிவிட்டு ஏழாவதைத் தேட ஊருக்குத் திரும்பிய வேடியப்பன் ஒரு மணிக்குப் போன் பண்ணினார். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் தொட்டித் திருப்பத்துக்கு வந்து பேசினார். பரணில் உருண்டை இல்லை என்றார். கீழேயும் இல்லை. மறுபடி தேடுகிறோம் என்றார்.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் போய், "ஏழாவது காணோம்" என்றேன். அவர் எழுந்து வந்து மறுபடி வயிற்றைத் தொட்டு, நாடி பார்த்து, "முழு உருண்டைய இந்தப் பாப்பா துன்னிருந்தா இந்நேரம் இப்படி விளையாட மாட்டா," என்றார். எனக்காகத்தான் 'துன்னிருந்தா' என்று எங்கள் பேச்சில் சொன்னார் என்று நினைக்கிறேன். பூஜா அவருடைய ஸ்டெதஸ்கோப் குழாயைப் பிடித்து வாயில் வைக்கப் போனாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். பலமாகத் தட்டிவிட்டேன். அவள் என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள், பிறகு அழுதாள்.

இரண்டரைக்குப் பெரியம்மாளே தொட்டித் திருப்பத்திலிருந்து பேசினாள். மூச்சிரைத்தது.

"ஏமே, கெடச்சிடுச்சி! ஓட்டுக்கும் சொவுத்துக்கும் நடுவுல வளை. இரும்பு வெச்சி இடிச்சுப் பாத்தேன். உருண்டைய உள்ள இட்டுனு போயிருக்குது. பாதி துன்னுருக்குது. பக்கத்துலயே செத்துக் கெடக்குது. உம் பொண்ணுத் துணியத்தான் மெத்தையா போட்டு வெச்சிருக்குது, மூதேவி."

"நல்லா பாத்தீங்களாக்கா? ஒரு உருண்டைதானா?"

"என் கையிலதான் கீது. வோணும்னா எடுத்துக்கினு வர்றேன்."

"வோணாங்க்கா. கைய கழுவுங்க. சோப்பு போட்டுக் கழுவுங்க."

"எலிக்குப் பயந்தவ எனக்குச் சொல்றா பாரு," என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பாப்பா இன்னா பண்ணுது?"

"முழிச்சுக்கினு கீது."

ஏழும் கிடைத்துவிட்டன. நகத்தளவு மட்டும் கிடைக்கவில்லை. அது கிடைக்கவும் போவதில்லை.

அருள்மணி மூன்றரைக்கு வந்தார். மூட்டைகளைச் சந்தையில் யாரிடமோ விட்டுவிட்டு, பஸ்ஸும் லாரியுமாக மாறி ஏறி வந்திருந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. பூஜா அவரைப் பார்த்ததும் ஊசி கட்டிய கையை ஆட்டினாள். அவர் கீழே பார்த்தார்.

"நீ தெனமும் அடுப்படிலதான் பாத்தேன்னு சொன்ன," என்றார். "அதான் அங்கயும் வெச்சேன்."

என்னைக் குற்றம் சொல்ல அவர் அதைச் சொல்லவில்லை. யாரிடமாவது கணக்கு ஒப்பிக்க வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது போலச் சொன்னார். ஆனாலும் எனக்குள் அது சரியான இடத்தில் போய்க் குத்தியது. நான் கேட்டேன், அவர் செய்தார்.

"நான்தான் கேக்கல," என்றேன். "எங்க வெச்சீங்கன்னு நான் கேட்டிருக்கணும்."

"கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

அதுவும் உண்மைதான்.  பூங்கோதை ஒரு ஸ்டூலை அவர் பக்கம் காலால் தள்ளினார். "உக்காருப்பா. நீ மயக்கம் போட்டு விழுந்தேன்னா உனக்கு வேற ஒரு பெட்டு போடணும். இங்க பெட்டு கம்மி."

ஐந்தரை மணிக்கு டாக்டர் மறுபடி பார்த்தார். நாடி, மூச்சு, வயிறு. "இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. நல்ல அறிகுறிதான். இருந்தாலும் நாளைக்குக் காலை வரைக்கும் அனுப்ப மாட்டேன். பசிக்குது பாருங்க அவளுக்கு. இனிமே தாய்ப்பால் கொடுக்கலாம்."

காலைக் கூழுக்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. என் ரவிக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். பால் கட்டி மார் கல்லாக இருந்தது எனக்கு. குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினேன். அது நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து விரல்களை முகர்ந்தேன். பூண்டு. எழுந்துபோய் மறுபடி கழுவினேன். மறுபடி பூண்டு.

"குடேன் ஜெயா," என்றார் அவர்.

"கையில வாசனை போவல."

பூங்கோதை வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கித் தன் மூக்கில் வைத்து இழுத்து முகர்ந்தார். "சோப்பு வாசனைதாம்மா."

"நெஜமாவா?"

"நான் இன்னாத்துக்குப் பொய் சொல்றேன்? குடு. வார்டே காது செவுடாவுது."

ஈரத் துணி கேட்டு வாங்கி மாரைத் துடைத்தேன். பூஜா தாவி வந்து தானே பிடித்துக்கொண்டாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.  இனி இவளுடைய வாய்க்குள் எதுவும் போகாமல் இருக்க முடியுமா என்று ஒரு நொடி யோசித்தேன். அப்படியோர் உலகம் இருந்தால் அங்கே போய்விட வேண்டும் என்றுகூட நினைத்தேன். அவளுக்கு அதெல்லாம் தெரியாது. நாள் முழுக்கப் பட்டினி கிடந்த வேகத்தில் குடித்தாள். குடித்து முடித்து, கண் செருகி, வாய் திறந்தபடியே தூங்கிப்போனாள்.

தூக்கம்தான் என்று டாக்டர் சொன்னார். பூங்கோதையும் சொன்னார். நான் விடியும்வரை கால் மணிக்கு ஒரு முறை அவளுடைய உள்ளங்காலைச் சுண்டி எழுப்பினேன். ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைச் சுளித்து, கோபமாக, உரக்க அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் என்னால் அடுத்த கால் மணி நேரத்தைத் தாங்க முடிந்தது.